விபூதி தொடாத வெள்ளி

தென்காசி வட்டாரத்து ட்ரங்குப் பெட்டிகளைத் திறந்தால் மூன்று தினுசு வெள்ளிக் காசுகள் கிடைக்கும். முதலாவது எல்லா ஊரிலும் உள்ள பிரிட்டிஷ் ரூபாய். 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. நாட்டு மருந்துக் கடையில் 'ஒரு ரூபாய் எடை' என்று சரக்கு நிறுத்ததெல்லாம் இந்தக் காசை வைத்துத்தான். இரண்டாவது செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் திருவிதாங்கூர் சக்கரம். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை செங்கோட்டை மலையாளச் சீமையைச் சேர்ந்த ஊர். 28½ சக்கரம் சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். அரை கிராம்கூட வராத பொடிக் காசு என்பதால், குழி பதித்த பலகையில் அள்ளிப் போட்டு, குலுக்கி எண்ணுவார்கள். மூன்றாவது கடையநல்லூரிலும் தென்காசியிலும் முஸ்லிம் வீடுகளில் இருக்கும் சிங்கப்பூர் டாலர். பிழைக்கப் போனவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. 1903-இல் அடித்த எட்வர்டு டாலர் கிட்டத்தட்ட 27 கிராம் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் அந்தக் கனமே ஒரு சந்தோஷம்.

மூன்றையும் கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கறுப்பை எப்படி எடுப்பது?

எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காசு பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் மாற்றிக்கொள்ளாத பதில் இது. ஏன் என்று விளக்கிச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

ஆனியிலிருந்து ஆவணி வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இங்கே இறங்குகிறது. குற்றாலத்தில் அருவி கொட்டும் நாட்களில் தென்காசியில் துவைத்த துணி காய்வதில்லை. அந்த ஈரக் காற்றில் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எழும் கந்தக வாயு துளியளவு கலந்திருந்தாலே போதும், வெள்ளி நிறம் மாறத் தொடங்கிவிடும். காசைக் கட்டிய ரப்பர் பேண்டிலும் சுற்றி வைத்த செய்தித்தாளிலும்கூடக் கந்தகம் உண்டு. வெள்ளியின் மேற்பரப்பும் கந்தகமும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. தொடக்கத்தில் அதன் கனம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தேன் நிறம், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம். படலம் தடிக்கத் தடிக்க அதில் பட்டுத் திரும்பும் ஒளி மாறுவதால் வருகிற நிறங்கள் இவை. கடைசியில்தான் சாம்பலும் கறுப்பும். சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்கிறார்கள். அது காசை அரித்துக் குழி பறிப்பதில்லை, மேலே போர்த்திக்கொண்டு கிடக்கிறது. காற்று தாராளமாகப் படாத இடத்தில் வைத்தால் படலம் வளர்வதும் வெகுவாக மட்டுப்பட்டுவிடும்.

கடையநல்லூர் வீடு ஒன்றிலிருந்து எட்வர்டு ரூபாய்கள் ஒரு கட்டாக வந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணியில் இறுக்கிச் சுற்றி முடிந்து வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், நடுவில் இருந்த காசுகளுக்கு விளிம்பில் மட்டும் தேன் நிறத்தில் ஒரு வளையம். முகமெல்லாம் நாணயச் சாலையிலிருந்து வந்த வெளுப்பு. இரு ஓரத்திலும் இருந்த காசுகளுக்கு வெளிப்பக்கம் மட்டும் ஊதாவும் நீலமும். லென்ஸில் பார்த்தபோது அந்த நீலத்துக்குள் துணியின் ஊடும் பாவும் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அவை எப்படி இருந்தன, எத்தனை காலம் ஒருவர் கையும் படாமல் இருந்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காசே எழுதி வைத்திருக்கிறது. கறுப்பைக் கரைக்கும் 'டிப்' திரவத்தில் நாலு விநாடி முக்கினால் அவ்வளவும் போய்விடும்.

நிறம் மட்டும்தான் போகும் என்றால் நான் இவ்வளவு வாதாட மாட்டேன். காசு அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக மேற்பரப்பில் நிற்கும். நல்ல காசை ஒற்றை பல்புக்குக் கீழே சாய்த்துத் திருப்புங்கள். ஒளி ஆரக்கால் போல ஒரு சுற்றுச் சுற்றி வரும். அந்த வரிகள் செய்கிற வேலை அது. படலத்தில் இருப்பதும் அதே காசின் வெள்ளிதான். டிப் படலத்தைக் கரைக்கும்போது அந்த வெள்ளியும் சேர்ந்து போகிறது, வரிகளின் முனை மழுங்குகிறது. மறுபடி மறுபடி முக்கிய காசு வெள்ளையாக இருக்கும், ஆனால் ஒளி சுற்றாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெந்நீரில் வைக்கும் முறையில் வெள்ளி திரும்ப வந்துவிடும் என்பார்கள். வருவது உண்மைதான். பழைய இடத்தில் பழைய ஒழுங்கில் வராமல், பொருக்கு மாதிரி படிந்து மங்கிக் கிடக்கும்.

விபூதி, பற்பொடி, புளி இவற்றைப் பற்றி என்ன சொல்ல! விபூதியும் பற்பொடியும் நைசாக அரைத்த உப்புத்தாள்தான். ராணி விக்டோரியாவின் 1862 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டைத் தாங்கியே 1874 வரை அடித்தார்கள். எந்த அடிப்பு என்பதைப் பின்பக்கம் ஆண்டுக்கு மேலும் கீழும் உள்ள சின்னஞ்சிறு புள்ளிகளை எண்ணித்தான் ஊகிக்கிறோம். குண்டூசி முனை அளவுப் புள்ளி விபூதிக்கு எத்தனை நாள் தாங்கும்?

போன சாரலில் இலஞ்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். "அண்ணாச்சி, நாள் பூரா உக்காந்து விபூதி போட்டுத் தேச்சுக் கொண்டாந்திருக்கேன், பாத்து வெலை போட்டுக் குடுங்க" என்றார். தட்டில் கொட்டிய காசுகள் கண்ணாடியாக மின்னின. விளக்கடியில் பிடித்தால் ராணியின் கன்னத்தில் ஒரே திசையில் நூற்றுக்கணக்கான கீறல். மதிப்பாகக் கொடுக்க வேண்டும் என்று பாடுபட்டுச் செய்த வேலை, மதிப்பைப் பாதியாக்கிவிட்டது. "வெள்ளி விலைதான்மா கிடைக்கும், அவசரமில்லைன்னா விக்காதீங்க, பிள்ளைகளுக்கு வச்சிக்கிடுங்க" என்றேன். அவருக்குச் சொன்னதை வாசிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டாயம் எடுக்க வேண்டிய அழுக்கும் உண்டு. மலிவான, வழவழப்பான பிவிசி உறையில் வைத்த காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அது களிம்பு. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் அமிலம் காசில் கலந்திருக்கும் செம்பைத் தாக்குகிறது. விட்டால் குழி விழும். சுத்தமான அசிட்டோனில் காசை ஊற வைத்து, எடுத்து, தானாக உலர விட வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் இதே அசிட்டோன்தான். எழுத்து இடுக்கில் அப்பிய மண்ணுக்கு வாலை வடிநீரில் ஊறல். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம், அவற்றின் உப்பு வேறு கறையைக் கொண்டுவரும். எதைச் செய்தாலும் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்கலாம். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதியில் பெரும்பங்கு செம்பு. களிம்பு அதில் சீக்கிரம் ஏறும், அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

மண்ணில் புதைந்து கிடந்த காசுக்குத் தனி வைத்தியம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். அரித்துத் தின்னும் களிம்பிலிருந்து செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றியது அங்கே நடந்த பெரிய வேலை. அவர்களும் நோய் இருந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். உழும்போது புதையலாகக் காசு கிடைத்தால் அதைக் கலெக்டரிடம் தெரிவிப்பதுதான் சட்டம். வீட்டில் வைத்துக் கழுவிப் பார்க்கும் காரியம் அல்ல.

டோனிங்குக்கு விலை கூடுகிறது என்றதும் நிறம் ஏற்றி விற்கிறவர்களும் வந்துவிட்டார்கள். கந்தகப் புகை காட்டுகிறார்கள், அவித்த முட்டையோடு பையில் கட்டி வைக்கிறார்கள். தானாக வந்த நிறம் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்ளே மெதுவாக மாறும். எழுத்தின் அடியிலும் ஓரத்திலும் சாயல் வேறுபடும். ஏற்றிய நிறம் எழுத்து, வெற்றிடம், கீறல் என்று பார்க்காமல் எண்ணெய் மிதப்பதுபோல் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பூஜையறைக் காசை என்ன செய்வது என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுவித் துடைத்து, பாட்டி காலத்திலிருந்து தேய்ந்து வழவழவென்றான காசு அது. அது சாமிக்கு வைத்தது, அதன் வழக்கம் அப்படியே நடக்கட்டும். அதை டோனிங்குக்காகக் கழுவாமல் விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. புதிதாக ஒரு காசைப் பூஜைக்கு எடுக்கும்போது மட்டும் ஆண்டைப் பாருங்கள். 1911 என்று இருந்தால் தனியே வையுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் யானை அந்த ஆண்டு அச்சில் பன்றி மாதிரி தெரிகிறது என்று பேச்சு கிளம்பி, காசையே திரும்பப் பெற்றார்கள். 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அந்தக் குட்டித் தும்பிக்கை அரசரின் மார்பில் மேடான இடத்தில் இருக்கிறது. துணி முதலில் படுவது அங்கேதான்.