மணிக்கு எவ்வளவு?

எங்கள் மேல்மலையனூரில் அமாவாசை இரவு வியாபாரத்தைப் பார்த்தவர்கள் யாரும் மாதச் சம்பளத்தைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தில் எலுமிச்சை, குங்குமம், கற்பூரம் எல்லாம் விடிவதற்குள் தீர்ந்துவிடும்.

என் அக்கா மகனுக்கு அங்கே பூஜை சாமான் கடை. வயது 30. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் 18,000 ரூபாய் சம்பளத்தில் வேலை வந்தது. "மாமா, அமாவாசை ராத்திரி 12 மணி நேரத்துல 6,000 நிக்குது. மணிக்கு 500. நான் எதுக்குப் போகணும்?" என்றான். ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? பேப்பரை எடுத்தேன்.

முதலில் வேலை. வருடத்துக்கு 2,16,000. அடிப்படைச் சம்பளம் 15,000 என்பதால் முதலாளி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 21,600. இ.எஸ்.ஐ.க்கு அவர்கள் பங்கு 3.25 சதவீதம், 7,020. ஐந்து வருடம் நிலைத்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் கிராஜுவிட்டி, சுமார் 8,650. மொத்தம் 2,53,000 சொச்சம். ஞாயிறு, பண்டிகை, லீவு போக 286 நாள், தினம் எட்டு மணி. மணிக்கு 110 ரூபாய்.

அடுத்து கடை. அமாவாசை பன்னிரண்டுக்கு 72,000. மற்ற 340 நாளும் சராசரி 500 வீதம் 1,70,000. மாசித் திருவிழா, ஆடி வெள்ளிகளில் கூடுதலாக 40,000. வாடகை 48,000 போக 2,34,000. ஆனால் கடை திறந்திருப்பது தினம் 14 மணி நேரம், வருடத்தில் சுமார் 350 நாள். மணிக்கு 48 ரூபாய்தான்! செஞ்சிக்குப் போய் சரக்கு எடுக்கும் நேரமும், மருமகள் கடையில் உட்காரும் நேரமும் இதில் சேரவில்லை.

அவன் முகம் வாடிவிட்டது. "இருப்பா, இன்னும் முடியலை" என்றேன். ஒரகடத்தில் ரூம் வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் மாதம் 7,500 போனால் அந்த 110, 71 ஆகிவிடும். இங்கே மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. பிள்ளை கடையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. அதற்கு நான் எந்தக் கணக்கில் விலை போடுவது?

கடைக்காரனுக்கு உண்மையில் இல்லாதது இரண்டு. காய்ச்சல் வந்தால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவனுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்; இவனுக்கு வாடகை மட்டும் ஓடும். அறுபதுக்கு மேல் மாதா மாதம் வரும் பணமும் இல்லை. பென்ஷன் வாங்கும் எனக்கு அதன் அருமை தெரியும்.

அவன் ஒரகடம் போகவில்லை. அடல் பென்ஷனில் மாதம் 577 கட்டுகிறான். 60-க்குப் பிறகு மாதம் 5,000 வரும். அமாவாசை லாபத்தில் 2,000 தனியாக வங்கியில் போடுகிறான், நோய் நொடிக்கு.

அமாவாசைக்கு மறுநாள் இப்போது கடைக்கு லீவு. அதை மட்டும் என் அக்காவால் இன்னும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.