பழைய எஞ்சினும் புதிய எண்ணெயும்

தந்தையார் நெடுங்காலம் ஓட்டிய மோறிஸ் மைனர் கார் ஒருநாள் மகனுடைய பொறுப்புக்கு வருகின்றது. எண்ணெய் மாற்றக் கடைக்குச் செல்லும் மகன், விலையில் உயர்ந்ததும் காலத்தாற் புதியதுமான எண்ணெயையே கேட்டு வாங்குகின்றான். அன்பின் மிகுதியாற் செய்யப்படும் இக்காரியம் சில வேளைகளில் அந்த முதிய எஞ்சினின் ஆயுளைக் குறைத்துவிடுகின்றது. பழைய காருக்கு எண்ணெய் தெரிபவர் முதலில் அறியவேண்டியவை மூன்று: எஞ்சின் எத்தகையது, எவ்வளவு தேய்ந்துள்ளது, எந்த வெப்பநிலையில் ஓடுகின்றது.

எண்ணெயின் பிசுக்குமையை எண்களால் வகைப்படுத்தும் முறை 1911இல் அமெரிக்காவில் தோன்றியது. '20டபிள்யூ-50' என்பதில் முன்னுள்ள எண் எண்ணெய் குளிரில் இயங்கும் தன்மையையும், பின்னுள்ள எண் 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பையும் குறிப்பன. இன்றைய எஞ்சின்களின் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. அவற்றுட் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 பொருந்தும். 1948இல் அறிமுகமான மைனரின் இடைவெளிகளோ அகன்றவை. ஓடிய ஆண்டுகள் அவற்றை மேலும் அகலச் செய்துள்ளன. அங்கு மெல்லிய எண்ணெய் சூடேறியதும் அமுக்கத்தை இழக்கின்றது. முசல வளையங்களைக் கடந்து எரிந்து நீலப் புகையாகின்றது. நுவரெலியாவின் தைமாதக் குளிருக்கே 20டபிள்யூ போதுமாகையால், யாழ்ப்பாண வெயிலில் ஓடும் மைனருக்கு 20டபிள்யூ-50 தக்கதாகும். எனினும், எஞ்சினின் தட்டொலியை அடக்குவதற்காக இதனினும் தடித்த எண்ணெயை ஊற்றுவது நோயை மறைத்தலேயாம். காலையில் எஞ்சினை இயக்கும்போது அத்தகைய எண்ணெய் மேலுறுப்புகளைச் சென்றடையத் தாமதிக்கும்.

யாழ்ப்பாணத்து வாடகைக் கார்ச் சாரதிகள் இவற்றை நூல்களிற் கற்றவரல்லர். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிதாகியபோது, அங்குள்ள ஒஸ்ரின், மோறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி, அடித்தொட்டியிற் கலக்கும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயரும். அதைக் கண்டு மகிழ்ந்திருப்பவர் எஞ்சினை இழப்பார். அனுபவம் வாய்ந்த சாரதியோ ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே தேய்த்தும் மணந்தும் பார்த்து, எண்ணெய் நீர்த்துவிட்டதை உணர்ந்துகொள்வார். நோயாளியை ஏற்றிச் செல்லும் கார் நடுவழியில் நின்றுவிடாதிருப்பது அந்த விரல்களின் உணர்வையும் பொறுத்திருந்தது.

இன்னும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. பழைய எஞ்சினில் வால்வுகளை உயர்த்தும் உறுப்புகள் பெரும் அமுக்கத்துடன் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அவற்றைத் தேயாது காப்பது, எண்ணெயிற் சேர்க்கப்படும் நாகமும் பொசுபரசும் அடங்கிய சேர்வையாகும். புதிய கார்களின் புகைக்குழாயில் அமைந்த ஊக்கியைப் பொசுபரசு கெடுப்பதால், இன்றைய எண்ணெய்கள் பலவற்றில் அச்சேர்வை குறைக்கப்பட்டுள்ளது. மைனருக்கு அத்தகைய ஊக்கி இல்லை. எனவே, அச்சேர்வை போதிய அளவு உள்ள எண்ணெயே அதற்கு வேண்டும். அடுத்தது, படிந்த கசடு பற்றியது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த எஞ்சினில் அழுக்ககற்றும் ஆற்றல் மிக்க எண்ணெயைத் திடீரென ஊற்றினால், கசடு பெயர்ந்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடக்கூடும். அடித்தொட்டியைக் கழற்றித் துப்புரவு செய்த பின்னரே அதனை ஊற்றுதல் நன்று.

இக்கார்களோடு வாழ்ந்த சாரதிகளும் திருத்துநரும் இன்று முதுமை எய்திவிட்டனர். பிசுக்குமையை அளக்கும் கருவி ஆய்வுகூடங்களில் உண்டு. அக்கருவியின்றி, பற்றாக்குறையின் நடுவே, எண்ணெயை அறிந்து எஞ்சின்களைக் காத்த முறைகளோ பெரும்பாலும் அம்முதியோரின் நினைவிலேயே உள்ளன. பொறியியல் பயிலும் மாணவர் அவர்களை நாடிச் சென்று கேட்டறிந்து எழுதிவைத்தல் வேண்டும். அதற்குரிய காலம் மிகவும் குறுகியது.