பத்து நிமிடப் பம்பரம்

திமிரியிலிருந்து ஆற்காடு வந்து பேருந்து ஏறினால் ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியே பெங்களூர். அங்கிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் மரப்பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற சன்னபட்டணா. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து இக்கலையை வளர்த்தார் என்பர்.

ஒரு பட்டறையில் பேரனுக்காகப் பம்பரம் கேட்டேன். சுழலும் வெட்பாலைக் கட்டையில் முதியவர் உளியை வைத்தார். மரம் சுருள் சுருளாக உதிர்ந்து உருப்பெற்றது. அரக்குக் குச்சியை அழுத்தினார். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி நிறம் படிந்தது. தாழை ஓலையால் தேய்த்ததும் பளபளத்தது.

விலையைக் கேட்டதும், "பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா, பாய்?" என்றேன்.

அவர் சினக்கவில்லை. "கட்டை உலர மாதக்கணக்கில் காத்திருந்தேன். கை பழகப் பல ஆண்டுகள் ஆயின. தாங்கள் கண்டது கடைசிப் பத்து நிமிடம்தான்" என்றார்.

நாணினேன். எங்கள் பகுதியில் தோல் பதனிடுவோரின் உழைப்பும் செருப்பு வாங்குவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை அறிந்த நானே பேரம் பேசலாமா? கேட்ட விலையைக் கொடுத்தேன். பேரன் பம்பரம் சுற்றும்போதெல்லாம் அம்முதியவரின் சொல்லையும் அவனுக்குச் சொல்லி வருகிறேன்.