பின்தண்டைக் கழற்றலாமா?

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இருவகைப் பாதைகள் வாய்த்துள்ளன. ஒன்று, ஊரிலிருந்து வரும் உறவினரை ஏற்றிக்கொண்டு வேங்கடமலைக்குச் செல்லும் தார்ச்சாலை. மற்றொன்று, மாந்தோப்புக்கும் கிணற்றடிக்கும் செல்லும் மண்பாதை. இரண்டிற்கும் ஒரே ஜீப்பை வைத்திருப்போர் நம்மிடையே பலர். எம் இல்லமும் அத்தகையதே. அவ்வண்டியின் அடியில் உள்ள ஓர் இரும்புத் தண்டு சில திங்களாக எம் இல்லத்தில் பெரியதொரு வழக்கை எழுப்பியது. அவ்வழக்கு எங்ஙனம் தீர்ந்தது என்பதை, அதே ஐயம் உடைய அன்பர்களுக்குப் பயன்படுமென்று எண்ணி எழுதுகின்றோம்.

அத்தண்டை மெக்கானிக்குகள் 'ஸ்டெபிலைசர் பார்' என்பர். 'ஸ்வே பார்' என்பாரும் உளர். வில்லிரும்பால் ஆகி, இருபுறமும் வளைந்து, இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைப்பது அது. இரு சக்கரங்களும் ஒருசேர மேடேறினால் அது வாளாவிருக்கும். தன்னைத் தாங்கும் ரப்பர் புஷ்களில் சற்றே சுழலும், அவ்வளவே. ஒரு சக்கரம் மேலெழ மற்றது கீழிறங்கினால் தண்டு முறுக்கேறும். அம்முறுக்கு இருபுறத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுக்கும். வளைவில் வண்டி ஒருபுறம் சாயாமல் தடுப்பது இம்முறுக்கே. தண்டின் பருமன் சிறிதே கூடினாலும் வலிமை மிகக் கூடும். 20 மில்லிமீட்டர் தண்டுக்கு மாற்றாக 22 மில்லிமீட்டர் தண்டைப் பூட்டினால், அதன் முறுக்குவலி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும்.

பழைய வில்லிஸ் ஜீப்புகளை ஓட்டிய பெரியோர், "எங்கள் காலத்தில் இது ஏது?" என்று வினவுவர். அவ்வினா நேரியதே. அவ்வண்டிகள் அடுக்குப் பட்டைகளாலான வில்லின்மேல் நின்றன. அப்பட்டைகள் கடினமானவை, சாய்வையும் ஓரளவு அவையே தடுத்தன, வண்டிகளும் மெல்லவே ஓடின. 2020 இல் வெளிவந்த புதிய தார் போன்ற வண்டிகளில் பின்புறமும் சுருள்வில்லே உள்ளது. சுருள்வில் உட்கார்ந்திருப்போர்க்கு மென்மை தரும். அம்மென்மையால் கூடும் சாய்வை அடக்கவே தண்டு வேண்டப்படுகின்றது.

இனி வழக்குக்கு வருவோம். ஆனி, ஆடித் திங்கள்களில் சித்தூர்ப் பகுதி முழுதும் கிளிமூக்கு மாம்பழம் மாங்கூழ் ஆலைகளை நோக்கிச் செல்லும். எம் தோப்புக்குச் செல்லும் வழியை மழைநீர் குறுக்கே அரித்துப் பள்ளமாக்கியுள்ளது. ஜீப் அதனைக் குறுக்காகக் கடக்கையில் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல், பூட்டு இல்லாததாயின், எளிதில் சுழலும் சக்கரத்தையே சுழலவிடும். மண்ணைப் பற்றிய சக்கரத்துக்கு வேண்டிய இழுவிசை கிடைப்பதில்லை. தொங்கும் சக்கரம் வீணே சுழல, வண்டி நின்றுவிடும். பழம் ஏற்றிய நிலையில் இங்ஙனம் நின்றால் அன்றைய விலை போயிற்று.

"பின்தண்டைக் கழற்றிவிடுங்கள், மாமா; சக்கரம் தானே இறங்கி மண்ணைத் தொடும்," என்றான் எம் மருமகன். அவன் கூற்றில் உண்மை உண்டு. தண்டின் தடை நீங்கினால் அச்சு இருபுறமும் தாராளமாக ஏறி இறங்கும். ஆனால் வீட்டில் எம் அன்னையார்க்கு அகவை எண்பதைக் கடந்துவிட்டது. திருமலைக்குச் செல்லும்போது அவர் அமர்வது பின் இருக்கையில். "மலையிலிருந்து இறங்கும்போது வண்டி ஆடினால் எனக்குத் தலை சுற்றும், அப்பா, அதையும் நினைத்துச் செய்," என்றார் அவர். ஒருபுறம் பிழைப்பு, மறுபுறம் பெற்றவள், எதைத் தள்ளுவது?

திருமலைப் பாதையை அறியாதார் நம்மில் இலர். 1944 இல் திறக்கப்பட்ட முதற் பாதை இன்று இறங்குவதற்கும், 1974 இல் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பர். சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் வழியில் மொகிலி மலைப்பாதையும், திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி செல்லும் வழியில் பாகராப்பேட்டை மலைப்பாதையும் உள்ளன. நம்மவர் வண்டிகளில் கூரைமேல் பெட்டி படுக்கைகளும் ஏறும். சுமை மேலேறினால் வண்டியின் நிறைமையமும் மேலேறும். வளைவில் சாய்வு மிகும்.

பின்தண்டு மட்டும் நீங்கி முன்தண்டு இருப்பின், வளைவில் சுமைமாற்றத்தின் பெரும்பங்கை முன்சக்கரங்கள் ஏற்கும். ஆதலின் முன்பகுதி வளைவின் வெளிப்புறம் விலகப் பார்க்கும். ஓட்டுவோர் ஸ்டியரிங்கை மேலும் திருப்ப வேண்டிவரும். பின்பகுதி வழுக்கிச் சுழல்வதைவிட இது தீமை குறைந்ததே எனினும், எதிரே வண்டி வரும் குறுகிய வளைவில் ஓர் அடி விலகினும் போதும், இடர் விளையும். மின்னணு நிலைப்படுத்தி உள்ள புதிய வண்டிகளிலோ, அதன் கணக்கு தண்டு பூட்டிய நிலைக்கே அமைந்ததாகும். சட்டத்தையும் நோக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகின்றது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டார் வினா எழுப்பவும் இஃது இடந்தரும்.

இருதரப்பையும் கேட்டபின் சோதித்துப் பார்க்கத் துணிந்தோம். தோப்பிலேயே வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தண்டின் இருமுனைகளிலும் உள்ள லிங்க் ராடுகளை விடுவித்தோம். தண்டைப் புரொப்பெல்லர் தண்டிலோ பிரேக் ஹோஸிலோ உரசாதவாறு மேலே இழுத்துக் கட்டினோம். அச்சு முழுதும் இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம். பின்னர் அதே பள்ளத்தை மெதுவாகக் கடந்தோம். தொங்கிய சக்கரம் தரையைத் தொட்டது. வண்டி நில்லாமல் ஏறியது. மருமகன் முகம் மலர்ந்தது. அடுத்து, பழப்பெட்டிகளை ஏற்றி, ஆளில்லாத களத்தில் மிதமான வேகத்தில் ஒரு வட்டம் திருப்பினோம். வண்டியின் உடல் முன்னினும் மிகுதியாகச் சாய்ந்தது; பெட்டிகள் ஒருபுறம் நகர்ந்தன. மருமகன் தானே வேகத்தைக் குறைத்தான். அதன்பின் வழக்காட ஒருவருக்கும் வாய் எழவில்லை.

முடிவு இதுவே: தண்டை நிலையாகக் கழற்றுவதில்லை. பழக்காலத்தில் தோப்பு வாயிலில் லிங்க் ராடுகளை விடுவிப்பது. தார்ச்சாலையில் சக்கரம் வைக்குமுன் மீண்டும் பூட்டுவது. பூட்டும்போது வண்டி தன் சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். அந்நிலையில் போல்ட்டுகளை முறுக்கினால்தான் ரப்பர் புஷ்கள் விரைவில் கிழியா. இவ்வேலைக்குப் பொறுமையில்லாதார் தண்டைத் தொடாதிருத்தலே நன்று. அவர்கள் பள்ளத்தில் கற்களை இட்டு நிரப்பலாம். மண்வெட்டி பிடித்த அரைநாள் உழைப்பு பல ஆண்டு பயன் தரும். யாமும் இவ்வாண்டு அதனைத் தொடங்கிவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'டக் டக்' என்ற ஓசைக்கு அஞ்சித் தண்டையே கழற்றி எறிவாரும் உளர். அவ்வோசை பெரும்பாலும் தேய்ந்த புஷ்ஷினதோ லிங்க் ராடினதோ ஆகும். அவற்றை மாற்றினால் ஓசை அடங்கும். பழைய ஜீப்பை விலைக்கு வாங்குவோர் அடியில் குனிந்து, தண்டு இருக்கின்றதா என்று பார்த்து வாங்குக. முன்னிருந்தவர் கழற்றியதை அறியாமல், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலையேறுதல் ஆகாது.

திருமலைக்கு அடுத்த திங்கள் அன்னையாருடன் செல்கின்றோம். புறப்படும் முன் போல்ட்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பை மருமகனே கேட்டு வாங்கிக்கொண்டான்.