காலேஜை விட்டால் காசு!

'படிப்பை நிறுத்திடு' என்று யாராவது சொன்னால், அடுத்த முறை அவருக்கு நம் வீட்டில் காபி கிடைக்காது. அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை அதைச் சொல்வதோடு பணமும் தருகிறது.

பேபாலைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் தியல் 2010-ல் அறிவித்த 'தியல் ஃபெல்லோஷிப்'தான் அது. சொந்தமாக எதையாவது உருவாக்கத் துடிக்கும் இளைஞர்கள் கல்லூரியை விட்டு வெளியே வர வேண்டும். 2 ஆண்டுகளுக்கு 1 லட்சம் டாலர். பிறகு அது 2 லட்சம் ஆனது. பதிலுக்கு கம்பெனியில் பங்கு கேட்பதில்லை. எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் 2014-ல் இதைப் பெற்றபோது வயது 20. ஒடிசாவைச் சேர்ந்த 'ஓயோ' ரித்தேஷ் அகர்வாலும் 2013-ல் வாங்கியிருக்கிறார். (தியல் மட்டும் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு பட்டம் வாங்கியவர்!)

டிகிரி கேட்காமல் 19 வயசுப் பையனை நம்பிப் பணம் தருவது எனக்குப் பிடித்திருக்கிறது. பாலிடெக்னிக் படிக்கும் என் தம்பிக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. "நானும் அப்ளை பண்ணட்டாக்கா?" என்றான். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ரெண்டு வருஷம் முடிஞ்சதும்?"

ஃபிக்மாவின் டிலான் ஃபீல்ட் இதற்காக விட்டு வந்தது பிரௌன் பல்கலைக்கழகத்தை. அங்கெல்லாம் விடுப்பு எடுத்துப் போய், சரிப்படவில்லை என்றால் திரும்பிச் சேரலாம். எங்கள் வீட்டில் தம்பியின் டிப்ளோமா என்பது கடனை அடைக்கப்போகும் முதல் சம்பளம்.

அவனுக்கு லட்சம் டாலர் வேண்டாம். தேங்காய் உரிக்கும் மெஷின் ஒன்று செய்துகொண்டிருக்கிறான். அதற்கு ஒரு நல்ல மோட்டார், சாயங்காலம் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு பட்டறை, அவ்வளவுதான். படிப்பை விடச் சொல்லாமல் இதைத் தருகிற அறக்கட்டளை தெரிந்தால் சொல்லுங்கள். அப்ளிகேஷனை நானே டைப் செய்து தருகிறேன்.