கிழிக்கப்படாத பக்கம்

கோவை உக்கடத்துக்கு அருகே நம் அத்தா நடத்தி வந்த மோட்டார் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, மீண்டும் பூட்டியபின் அதன் திருகுகளைச் சரிசெய்யும் வேளை வந்துவிட்டால், அத்தா எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வேலை பழகும் பையன்கள் எட்டிப் பார்த்தால் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவார்கள். பெற்ற பிள்ளையாகிய நமக்கும் அதே கட்டளைதான். அவர்கள் திரும்பி நிற்கும்போது எஞ்சின் தாலாட்டுப்போல் சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனி இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். கருத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு என்ற அளவில் மட்டும் நாம் அறிந்துகொண்டோம். மற்றவற்றை அத்தா தம்முடனேயே கொண்டு சென்றுவிட்டார்கள்.

நாம் மோட்டார்த் தொழிலுக்குப் போகவில்லை. வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் பழுதுபார்த்துப் பிழைத்தோம். அத்தாவின் திருப்புளி மட்டும் நம் மேசை இழுப்பறையில் கிடந்தது. இவ்வாறிருக்க, தங்கை மகன் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் கடைக்கு வந்து, ஒரு பழைய மாருதி 800 காரைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்யப்போவதாகவும், அதன் கார்புரேட்டரை எடுத்தெறிந்துவிட்டு, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியைத் தானே செய்யப்போவதாகவும் கூறினான். ஈயம் பற்றவைக்க மாமாவின் கை வேண்டுமாம்.

பந்தயம் என்றால் செல்வந்தர் விளையாட்டு என்று எண்ணுவோர் நம்மில் பலர். கோவைக்காரர்கள் அப்படி எண்ண வேண்டியதில்லை. இவ்வூர் கரிவரதன், அந்த மாருதி 800 காரின் சின்னஞ்சிறு எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை வடிவமைத்து, 1988இல் பார்முலா மாருதி என்னும் பந்தயத்துக்கு வழி திறந்தார். குறைந்த செலவில் இளைஞர்கள் ஓட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003இல் செட்டிப்பாளையத்தில் அமைந்த 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தங்கை மகன் விரும்பியதோ அதனினும் எளியது: திறந்த வெளியில் கூம்புகளை நட்டு, ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு, கடிகாரத்தால் வெற்றியை அளக்கும் பந்தயம்.

இனி அந்தப் பெட்டியின் கதைக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை இரண்டு: தக்க அளவில் பெட்ரோல், தக்க கணத்தில் தீப்பொறி. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வலிமை வேண்டும்போது பெட்ரோலைச் சற்றுக் கூட்டி, காற்றை 12.5 அல்லது 13 பங்கு அளவில் வைப்பர். கார்புரேட்டர் இதனைத் துளைகளாலும் காற்றின் உறிஞ்சலாலும் செய்தது. மின்னணுப் பெட்டியோ கணக்கால் செய்கிறது. எஞ்சினின் வேகம், உறிஞ்சு குழாயின் அழுத்தம், நீரின் சூடு, காற்றின் சூடு, திராட்டில் திறந்திருக்கும் அளவு ஆகியவற்றை உணரிகள் வழியே அறிந்து, தன்னுள் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடிதான் ஆகிறது. ஒரு பாகைக்குச் சுமார் 28 மைக்ரோ நொடி! இமைப்பொழுது என்பதுகூட இதன்முன் யுகம் அன்றோ!

கம்பெனிகள் செய்யும் பெட்டிகளின் உட்புறம் பூட்டிய அறையைப் போன்றது. அட்டவணையில் ஓர் எண்ணைக்கூட உரிமையாளர் எளிதில் மாற்ற இயலாது. பந்தயத்துக்கென்று விற்கும் பெட்டிகளோ காரின் விலையையே விழுங்கிவிடும். இந்த நிலையில்தான் 2001இல் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்னும் இருவர் மெகாஸ்குவர்ட் என்ற கருவியை வெளிக்கொணர்ந்தனர். மோட்டரோலாவின் சிறிய சில்லு ஒன்றும், எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கொண்ட அட்டவணையுமே அதன் மூளை. உதிரிகளாக வாங்கி, வாங்கியவரே ஈயம் பற்றவைத்துச் செய்துகொள்ள வேண்டும். சுற்றுப்படத்தையும், ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறது என்ற விளக்கத்தையும் அவர்கள் எல்லார் முன்னும் விரித்து வைத்தனர். பின்னர் ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டூவர்ட் என்பவர், பள்ளிப் பிள்ளைகளும் வாங்கிப் பழகும் அர்டுயினோ மெகா 2560 பலகையைக் கொண்டே ஸ்பீடுயினோ என்னும் பெட்டியை உருவாக்கினார். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். தங்கை மகன் தேர்ந்தெடுத்தது இதனையே.

வேலை தொடங்கிற்று. பழைய இரும்புக் கடைகளில் இன்ஜெக்டர்களையும் திராட்டில் பகுதியையும் தேடிப் பொறுக்கினோம். கிராங்க் புல்லியில் 36 பற்களுக்கு இடமுள்ள சக்கரம் ஒன்றைப் பொருத்தினோம். அதில் ஒரு பல் மட்டும் வேண்டுமென்றே இராது. அந்த வெற்றிடம் கடக்கும்போதுதான் கிராங்க் எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டி அறிந்துகொள்ளும். ஒரு பல்லுக்குப் பத்துப் பாகை. நாம் ஈயம் பற்றவைத்தோம். அவன் கணினியில் எண்களை நிரப்பினான். எஞ்சின் முதல் முறை உறுமியபோது தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஆனால் 4000 சுற்றைத் தாண்டியதும் எஞ்சின் விக்கிற்று. மூன்று வாரம் தேடினோம். பற்றவைப்புக் காயிலில் எழும் நூற்றுக்கணக்கான வோல்ட் வீச்சு, உணரியின் கம்பியில் பொய்ப் பற்களை எழுப்புகிறது என்று ஈற்றில் கண்டோம். கம்பியைச் சுற்றிய உறையை இரு முனையிலும் பூமிக் கம்பியோடு இணைத்திருந்தோம். ஒரு முனையை மட்டும் இணைக்க, விக்கல் நின்றது. வானொலிக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று நாமே தலையில் அடித்துக்கொண்டோம். அன்றே தங்கை மகன் ஒரு கோடுபோட்ட நோட்டை வாங்கி, அந்தப் பிழையையும் தீர்வையும் முதற் பக்கத்தில் எழுதினான்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருந்தது. "மாமா, டைமிங் லைட் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடலாமா?" என்று கேட்டான். திரையில் காணும் பாகையும், சக்கரத்தில் தீப்பொறி உண்மையில் விழும் பாகையும் ஒன்றுதானா என்று காட்டும் விளக்கு அது. இரவல் வாங்கப் பீளமேடு வரை போக வேண்டும். நேரமோ இரவு. "எஞ்சின் ஓடுகிற ஓசையே சொல்கிறதே, மாப்பிள்ளை! உன் பாட்டனார் எந்த விளக்கை வைத்துப் பார்த்தார்?" என்றோம். அவன் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் வெள்ளோட்டத்தில், முழு வேகத்தில், கண்ணாடிக் குப்பியில் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோல் ஓர் ஓசை எழுந்தது. பிறகு நீலப் புகை. திறந்து பார்த்தபோது நடுப் பிஸ்டனின் விளிம்பு உடைந்திருந்தது. பற்களை எண்ணியதில் ஒன்று பிசகியிருந்தது. திரையில் 28 பாகை, உண்மையில் 38. அந்தப் பத்துப் பாகை முந்திய தீப்பொறிதான் பிஸ்டனை உடைத்தது. விளக்கு இருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பையன் ஓராண்டாகச் சேர்த்த பணம் அந்த எஞ்சினில் இருந்தது. அவன் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எழுதினான்: "டைமிங் லைட் வைத்துப் பார்க்காமல் ஓட்டினோம். பார்க்க வேண்டாம் என்றது மாமா. கேட்டது நான்."

எஞ்சினைச் சீர்செய்ய நான்கு மாதம் ஆயிற்று. செலவில் பாதியை நாம் ஏற்றோம். அந்நாளில் பொள்ளாச்சியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவரும் இதே பெட்டியை இதே எஞ்சினுக்குப் பூட்டுகிறாராம். இதே பந்தயத்தில், இதே பிரிவில் ஓடப்போகிறாராம். அட்டவணையைக் காட்ட இயலுமா என்று தயங்கிக் கேட்டார். தங்கை மகன் ஒரு கணமும் யோசியாமல் நோட்டை முழுவதும் படியெடுத்துத் தரும்படி நம்மிடம் கொடுத்தான்.

கடை அடைத்தபின் அந்த நோட்டோடு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். எண்களைத் தருவதில் நமக்கு மனத்தடை இல்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் கை தொட்டுத் தொட்டு மீண்டது. முன்பின் அறியாத பிள்ளையின் கையில் நம் மடமை ஏன் போய்ச் சேர வேண்டும்? அதைக் கிழித்துவிட்டால் கேட்பார் யார்? அப்போதுதான் அத்தாவின் முதுகு கண்முன் வந்தது. காற்றுத் திருகை எத்தனை சுற்றுத் திருப்புவது என்பது அப்படியொன்றும் பெரும் இரகசியம் ஆகாது. அந்தச் சுற்றைக் கண்டுகொள்ளும்வரை எத்தனை வால்வுகள் கருகியிருக்கும், எத்தனை பேரிடம் தலைகுனிந்திருப்பார்கள்! ஒருவேளை அதனையன்றோ அத்தா நமக்குக் காட்டாமல் நின்றார்கள் என்று தோன்றிற்று. அப்படி நினைத்ததும், அதுகாறும் அவர்கள்மீது இருந்த மனக்குறை, இரக்கமாக மாறிவிட்டது.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதனை மட்டும் நம் கையெழுத்திலேயே படியெடுத்தோம்.

பந்தயத்தில் பொள்ளாச்சி இளைஞர் நம் வண்டியைவிட அரை நொடி முந்தினார். தங்கை மகனின் முகம் சற்று வாடியது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. பத்து நாள் கழித்து அந்த இளைஞரிடமிருந்து ஒரு தபால் வந்தது. நாம் கொடுத்த படியில், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூட்டும் வரிசையில் இருந்த ஒரு பிழையைத் திருத்தியிருந்தார். அதனோடு தம் கையால் எழுதிய இரண்டு பக்கங்களை இணைத்திருந்தார். முதல் பக்கம் இப்படித் தொடங்கிற்று: "போன வருடம் நான் உடைத்த எஞ்சினைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை."

அந்தப் பக்கங்கள் இப்போது நோட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அத்தாவின் திருப்புளி மேசை இழுப்பறையிலிருந்து வெளியேறி, தங்கை மகனின் கருவிப் பெட்டிக்குப் போய்விட்டது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவர் மாலைதோறும் வந்து அவன் வேலை செய்வதைச் சூழ்ந்து நின்று பார்க்கின்றனர். அவன் அவர்களைத் தேநீர் வாங்க அனுப்புவதில்லை. நாம்தான் போய் வாங்கி வருகிறோம்.