ஏந்தாத கைகள்

ஏழைக்கு உதவுவது எப்படி என்று கேட்டால், இருப்பவன் கொடுக்க வேண்டும், இல்லாதவன் பெற வேண்டும் என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். விடை சரியானதே. எனினும் அதில் ஏதோ ஒன்று குறைகிறது என்ற உறுத்தல் எனக்கு நெடுநாளாக உண்டு. பெறுகிறவனின் வயிறு நிறைகிறது. அவன் தலை நிமிர்கிறதா? இக்கேள்விக்குத் தெளிவு தந்தது, கராச்சி நகரின் குடிசைப் பகுதி ஒன்றின் வரலாறு. அதனைப் படித்த நாள் முதல், தான தருமம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அந்தப் பகுதியின் சந்துகளே என் நினைவுக்கு வருகின்றன.

கராச்சியின் வடமேற்கே, வறண்ட குன்றுகளை ஒட்டிப் பரந்து கிடப்பது ஓரங்கி. 1965-ஆம் ஆண்டையொட்டி அங்கே குடியேற்றம் தொடங்கிற்று. 1971-இல் வங்காள தேசம் தனிநாடாகப் பிரிந்தபின், அங்கிருந்து உடைமைகளை இழந்து வந்த உருது பேசும் பீகாரிக் குடும்பங்கள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. பட்டாணியரும் பஞ்சாபியரும் பலூச்சிகளும் அவர்களுக்கு அண்டை வீட்டார் ஆயினர். நெசவாளரும் கூலித் தொழிலாளரும் சிறு வியாபாரிகளுமான அம்மக்கள், தரகர்களிடம் பணம் கொடுத்து மனை பெற்றுத் தம் முயற்சியாலேயே சுவர் எழுப்பிக்கொண்டனர்.

வீடு வந்தது, கழிவுநீர் போக வழி வரவில்லை. வீட்டுக்குள் எடுப்புக் கழிப்பிடம். வெளியே சந்தின் நடுவே தேங்கி நிற்கும் சாக்கடை. குழந்தைகள் அதன் ஓரத்திலேயே விளையாடின. நோயும் அங்கேயே பிறந்தது. தூய்மைக்கு ஈமானில் பாதியிடம் தந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், ஒளுச் செய்துகொண்டு பள்ளிவாசலுக்குச் செல்வதற்குக்கூட அந்த அழுக்கைத் தாண்டியே போக வேண்டியிருந்தது.

1980-ஆம் ஆண்டு அங்கே ஒரு முதியவர் வந்தார். அவர் பெயர் அக்தர் ஹமீது கான். 1914-இல் ஆக்ராவில் பிறந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்காளத்தில் பணியாற்றியவர். 1943-இல் அங்கே கொடும்பஞ்சம் நிகழ்ந்தது. 1945-இல் அவர் அப்பெரும் பதவியைத் துறந்தார். பின்னர் அலிகார் அருகே ஒரு சிற்றூரில் பூட்டுத் தொழிலாளியாக வேலை கற்று, உழைத்துப் பிழைப்பவனின் வாழ்வு எத்தகையது என்பதைத் தாமே வாழ்ந்து பார்த்தார். பிற்காலத்தில் கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் அவர் நடத்திய ஊரக வளர்ச்சிப் பணி உலகப் புகழ் பெற்றது; 1963-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. ஓரங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு.

வந்தவர் எதையும் வழங்கவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்தார், மக்களோடு பேசினார், அவர்களுடைய குறை என்ன என்று கேட்டார். சாக்கடையே பெருங்குறை என்றார்கள். அதனை நீங்களே ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று அவர் வினவினார். ஆராய்ந்தபோது நான்கு தடைகள் தெரிந்தன. இதனை அரசு இலவசமாகச் செய்து தரும் என்ற காத்திருப்பு முதல் தடை. அரசு முறையில் கட்டினால் ஆகும் செலவு ஏழைக்கு எட்டாது என்பது இரண்டாவது. நிலத்தடிக் குழாய் பதிக்கும் தொழில்நுட்பம் தெரியாது என்பது மூன்றாவது. சந்து மக்கள் ஒன்றுகூடிச் செயற்பட ஓர் அமைப்பு இல்லை என்பது நான்காவது. இந்நான்கு தடைகளையும் நீக்குவதே ஓரங்கி முன்னோடித் திட்டத்தின் பணியாயிற்று.

ஒரு சந்தில் இருபது முதல் முப்பது வீடுகள் இருக்கும். அவ்வீட்டார் கூடி, தமக்குள் நம்பத்தகுந்த ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து, உதவி கேட்டு வரவேண்டும். வந்தால், திட்டத்தின் ஊழியர்கள் நிலத்தின் மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, ஆகும் செலவைக் கணக்கிட்டுத் தருவார்கள். கருவிகளை இரவலாகக் கொடுப்பார்கள். வேலை பிழையின்றி நடக்கிறதா என்று மேற்பார்வை செய்வார்கள். ஆனால் பணத்தை மட்டும் தொடமாட்டார்கள். பணம் திரட்டுவதும், பொருள் வாங்குவதும், பள்ளம் தோண்டுவதும், கணக்குக் காட்டுவதும் சந்து மக்களின் வேலை.

1981-இல் முதல் சந்துகளில் பணி தொடங்கிற்று. ஆரம்பத்தில் சிமெண்டுக் கலவை சரியாக அமையாமல் குறைபாடுகள் நேர்ந்தன. கலவையின் அளவையும், காங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தும் முறையையும் மக்களுக்குக் கற்பித்தார்கள். ஆளிறங்கு குழிகளை வார்க்க இரும்பு அச்சுகளைச் செய்து இரவல் தந்தார்கள். காண்டிராக்டரின் இலாபம் இல்லை, கையூட்டும் இல்லை, ஆடம்பரமான கட்டுமானமும் இல்லை. ஆகவே அரசு மதிப்பீட்டைவிடச் செலவு பல மடங்கு குறைந்தது. கழிப்பிடமும் சாக்கடையும் சேர்த்து அந்நாளில் வீட்டுக்கு ஏறத்தாழ 1000 ரூபாய்தான் ஆயிற்று. ஒரு சந்து சுத்தமானதைக் கண்டு அடுத்த சந்து விழித்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு தம் சொந்தப் பணத்தில் கழிவுநீர் வசதி செய்துகொண்டன.

அதனோடு நின்றுவிடவில்லை. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து, இடைத்தரகர்களிடம் அற்பக் கூலி பெற்று வந்த பெண்களுக்காக 1984 முதல் பணி மையங்கள் தோன்றின. 1987 முதல் சிறு தொழில்களுக்குக் கடன் வழங்கலாயினர். சந்துச் சாக்கடையைக் கட்டி முடித்தவர்களுக்குத் தம்மால் முடியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. பூமிக்கடியில் மறைந்துபோன குழாயைவிடப் பெரிய பேறு அதுவே.

இதனைப் படிக்குந்தோறும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்று என் நெஞ்சில் எழுகிறது. அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று பெருமானார் அவரைக் கேட்டார்கள். ஒரு துணியும் ஒரு கிண்ணமும் இருந்தன. அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக்கொடுத்து, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்து, கோடரிக்குப் பிடியைத் தம் திருக்கரத்தாலேயே பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். உன்னிடம் என்ன இல்லை என்று கேட்கவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவருடைய பொருளே அவருக்கு முதலாயிற்று. ஓரங்கியில் நடந்ததும் அதுவன்றோ? மக்களிடம் பணமும் உழைப்பும் இருந்தன. இல்லாதது கோடரியின் பிடி மட்டுமே.

இதைக் கேட்டு, ஏழைகள் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்று செல்வர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. ஜக்காத் ஏழையின் உரிமை. அது எவருடைய தயவும் அன்று. ஊன்றி நிற்க வலுவற்ற முதியோருக்கும் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் கொடுத்தே ஆகவேண்டும். ஓரங்கித் திட்டமும் ஓர் எல்லை வகுத்தது. வீடும் சந்தும் மக்கள் பொறுப்பு; ஊரின் கழிவையெல்லாம் ஏந்திச் செல்லும் பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. பாகிஸ்தானின் 2006-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரக் கொள்கை இப்பங்கீட்டை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே கடலில் கலந்து வந்திருக்கிறது. ஏழைகள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். பெரியவர்கள் பங்குதான் பாக்கி நிற்கிறது.

இப்பணி ஆபத்தற்றதும் அன்று. கான் அவர்களோடு இளம் வயதிலேயே இணைந்து, பின்னர் திட்டத்தின் ஆய்வுப் பயிற்சி நிறுவனத்தை நடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் அம்மையார், குடிசைப் பகுதிகளையும் புறநகர்ச் சிற்றூர்களையும் வரைபடத்தில் ஏற்றினார். வரைபடத்தில் ஏறிய வீட்டை இல்லை என்று சொல்லி இடிப்பது எளிதன்று. நிலம் பறிப்போருக்கு அது பிடிக்குமா? 2013 மார்ச் 13 அன்று, பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கான் அவர்கள் 1999-இலேயே மறைந்து, ஓரங்கியிலேயே அடங்கியிருக்கிறார். வாழ்ந்த இடத்து மண்ணிலேயே உறங்கக் கொடுத்து வைத்தவர்.

நம் மஹல்லாக்களிலும் தகரக் கூரையின் கீழ் வாழும் குடும்பங்கள் உண்டு. ஆண்டுதோறும் அவர்களுடைய பெயர்களை ஒரு பட்டியலில் எழுதுகிறோம். வேட்டியும் சேலையும் அரிசியும் தருகிறோம். மறு ஆண்டும் அதே பெயர்கள், அதே வரிசை. அப்பட்டியலில் பெயருக்கு எதிரே தேவை என்ற ஒரு கட்டந்தான் இருக்கிறது. அதன் அருகே இன்னொரு கட்டம் போடலாம்: இக்குடும்பத்தாரிடம் என்ன இருக்கிறது? தையல் தெரிந்த மகளா, கொத்து வேலை அறிந்த தந்தையா, படித்துவிட்டுச் சும்மா இருக்கும் மகனா? அதனை எழுதிவிட்டால், நாம் பொருத்திக் கொடுக்க வேண்டிய பிடி எது என்பது தானே விளங்கும். ஏந்திய கையில் இடுவது நன்மை. அந்தக் கை மறுமுறை ஏந்தாதிருக்க வழி செய்வது அதனினும் பெருநன்மை.